ஒரு கர்னலும் ஒரு வினைச்சொல்லும்

ஸ்பானிஷ் மொழியில் 'எஸ்பெரார்' என்று ஒரு சாதாரண வினைச்சொல் உண்டு. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவன் அதைத்தான் சொல்லுகிறான். மழை வரும் என்று எதிர்பார்ப்பவனும், நோயாளி பிழைத்துவிடுவான் என்று நம்புகிறவனும் அதையேதான் சொல்லுகிறார்கள். ஒரு பெண் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்பதைக்கூட அந்த வினையைக் கொண்டே சொல்லிவிடலாம். அதன் லத்தீன் மூலத்துக்கு நம்பிக்கை வைப்பது என்று பொருள்.

நம்மிடம் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆகவே நம் மொழிதான் வளமானது என்று அகராதியைப் புரட்டுகிறவர்கள் சொல்லக்கூடும். நாவல் படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கொலம்பிய ஆசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' என்ற குறுநாவல் 1961-ல் புஸ்தகமாக வந்தது. கதை என்று பார்த்தால் அதிகம் இல்லை. எழுபத்தைந்து வயசுக் கர்னல் ஒருவர், ஆஸ்துமாக்கார மனைவி, கொல்லப்பட்ட மகன் விட்டுப்போன ஒரு சண்டைச் சேவல். வெள்ளிக்கிழமைதோறும் தபால் படகு வருகிறது. பென்ஷன் கடிதம் மட்டும் வருவதில்லை. உள்நாட்டு யுத்தம் முடிந்த ஐம்பத்தாறு வருஷங்களில் அவர் 'எஸ்பெரார்' தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று ஆரம்பத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார்.

பிறகு தபால் ஆபீஸில் ஒரு நாள், தமக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், கர்னல் வெட்கப்பட்டுப்போய் டாக்டரிடம் அதே வினையை மறுத்துப் பேசுகிறார். அது பொய் என்று ஆசிரியரே குறிப்பிடுகிறார். என்ன பொய்? காத்திருக்கவில்லை என்றால், தபால் ஆபீஸில் நின்றுகொண்டே சொல்கிற அப்பட்டமான பொய். எதிர்பார்க்கவில்லை என்றால், மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும் பொய். நம்பவில்லை என்றால், தம் ஆயுளையே மறுக்கிற பொய். ஸ்பானிஷ்காரர் ஒரே மூச்சில் மூன்றையும் கேட்டுவிடுகிறார்.

தமிழில் எழுதுகிறவர் முதல் இடத்தில் 'காத்திருந்தார்' என்றும், இரண்டாவது இடத்தில் 'எதிர்பார்க்கவில்லை' என்றும் எழுதுவார். இரண்டும் பிழையில்லை. ஆனால் ஐம்பத்தாறு வருஷமாகச் செய்ததையே கர்னல் செய்யவில்லை என்கிறார் என்பது வாசகர் காதில் விழாமலே போய்விடும். பிடிவாதமான ஒரு மனிதர், சாமர்த்தியமில்லாத ஒரு கிழவராக மட்டும் மிஞ்சுவார்.

என் அபிப்பிராயம், இரண்டு இடத்திலும் 'காத்திரு' என்பதையே போட வேண்டும் என்பது. பேச்சு சற்றே நெருடும், நெருடட்டும். நம் சொல்லுக்குள் 'காத்தல்' இருக்கிறது. பசியிலும் கர்னல் அந்தச் சேவலைக் காத்துக்கொண்டுதானே இருக்கிறார்? அது பந்தயத்துக்கு வரும்வரை எதைச் சாப்பிடுவது என்று மனைவி கேட்கிறாள். சபையில் சொல்லக்கூடாத ஒரே சொல்லால் பதில் சொல்லுகிறார் கர்னல். புஸ்தகம் அதோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பதில் சிரமமே இல்லை.