பந்தலும் மொட்டை மாடியும்

சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் நம்மிடையே ரசிகர்கள் உண்டு. அவற்றின் நுட்பங்களை விஸ்தாரமாக எடுத்துரைக்கும் விமர்சகர்களும் உண்டு. வீட்டுத் தோட்டம் என்ற கலைக்கு மட்டும், எத்தனையோ தலைமுறைகளாக நம் பெண்மணிகளின் கைகளில் அது பூரணமான வளர்ச்சி பெற்றிருந்தபோதிலும், தன்னை ரசிகன் என்று சொல்லிக்கொண்டு முன்வந்தவர் அரிது. காரணம் விளங்காமல் இல்லை. அந்தக் கலை மேடையிலோ கோபுரத்திலோ நிகழவில்லை. கிணற்றடியில், மாட்டுக் கொட்டகைக்கும் துவைக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நிகழ்ந்தது. அதன் படைப்புகள் அன்றன்றைக்கே குழம்பிலும் கூட்டிலும் கரைந்துவிட்டன. புஷ்பங்கள் சுவாமி படத்திலும் கூந்தலிலும் ஒரு நாள் இருந்து வாடிவிட்டன. ஆயினும், நல்ல தோட்டக் கை ஒன்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது செய்யும் காரியத்தின் அழகு வேறு எந்தக் கலையின் அழகுக்கும் குறைந்ததாகத் தோன்றாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பழைய கொல்லையின் முதல் லட்சணம் அதன் நீர்ப்போக்கு. கிணற்றடியில் குளித்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் வீணே தேங்கி நாற்றமெடுக்காமல், ஒரு சிறு வாய்க்காலில் ஓடி, முதலில் தாகம் மிகுந்த வாழைக்கும், அங்கிருந்து வழிந்து சேம்புக்கும் மஞ்சளுக்கும், கடைசியில் தென்னையின் அடிக்கும் போய்ச் சேரும்படி வரிசை அமைந்திருக்கும். முருங்கை, கம்பளிப்பூச்சி வருமென்பதாலும் காற்றில் கிளை முறியுமென்பதாலும், வீட்டை விட்டு விலகி வேலியோரத்தில் நிற்கும். கறிவேப்பிலை, தாளிக்கும் நேரத்தில் எட்டிப் பறிக்கும் தூரத்தில், சமையலறைக் கதவுக்கு அருகிலேயே இருக்கும். பவழமல்லியின் அடியை மாலையிலேயே பெருக்கி வைப்பார்கள். இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் அந்தப் பூவைத் தரையிலிருந்து பொறுக்கியும் பூஜைக்கு வைக்கலாம் என்ற சம்பிரதாயம், அந்தப் பெருக்கலை ஒரு நித்திய கருமமாக்கியிருந்தது. வரைபடம் ஏதுமின்றி, நடக்கும் காலும் பறிக்கும் கையும் ஓடும் நீருமே இத்தனையையும் வகுத்துக் கொடுத்தன.

இந்தக் கலையின் சிகரம் என்று நான் கொள்வது கொடிப் பந்தல். மூங்கில் கால்களை நட்டு, மேலே கழிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டி, இடையில் கயிற்றைப் பின்னிவிட்டால் பந்தல் ஆயிற்று என்று எண்ணுபவர், அதன் கீழ் நின்று பார்த்திராதவர். குழிக்கு நாலைந்து விதையாக ஊன்றி, முளைத்தவற்றுள் திடமான இரண்டை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கி எறியும் துணிவு முதலில் வேண்டும். பிறகு, கொடி பந்தலை எட்டும் வரையில் பக்கக் கிளைகளையெல்லாம் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றி, எட்டியதும் நுனியைக் கிள்ளிப் பல கிளைகளாகப் பரவவிடும் சமயமறிந்த கை வேண்டும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு அனுபவமில்லாதவர் கலங்கி உரத்தை அள்ளிக் கொட்டும் வேளையில், கைதேர்ந்தவர், பிஞ்சின் வடிவத்தை அடியில் தாங்கிக்கொண்டு வரும் பெண் பூவுக்காகச் சாவதானமாகக் காத்திருப்பார். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும். பீர்க்கின் மஞ்சள் பூ வெயில் தாழ்ந்த பிறகு விரியும். சுரையின் வெண்பூவுக்கு அந்திப் பொழுது. புடலையோ இருட்டிய பின்னரே, நூலிழைகளாகப் பிரிந்த வெள்ளை இதழ்களைப் பரப்பி, அந்துப்பூச்சிகளை மணத்தால் வரவழைக்கும். இந்தக் கொடிகளையெல்லாம் அடுத்தடுத்து ஏற்றியவர் வீட்டில், நாளின் ஒவ்வொரு சந்தியிலும் ஏதோ ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். பிஞ்சு விட்ட புடலை வளையாமல் நேராக இறங்க வேண்டும் என்று அதன் நுனியில் நாரால் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நாடறிந்த வழக்கம். கல் கனத்தால் பிஞ்சு முறியும். இலேசானால் காய் சுருண்டுகொள்ளும். தட்டான் தராசில் குந்துமணி இடுவதைப் போல, கூழாங்கல் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி நிதானித்து, காய் வளர வளரக் கல்லையும் மாற்றிக் கட்டும் கைகளை நான் கண்டிருக்கிறேன்; நாலடி நீளத்துக்கு வெள்ளை வரியோடு இறங்கி நிற்கும் அந்தக் காயின் லாவண்யத்தில் பாதி அந்தக் கைகளைச் சேர்ந்தது.

அவரையின் கதை வேறு. ஆடியில் ஊன்றினால், ஐப்பசி மழையில் இலையாகவே மண்டி, பொழுது குறுகிப் பனி இறங்கும் மார்கழியில்தான் அது பூக்கத் தொடங்கும். தைப் பொங்கலுக்குக் காய் கிடைக்கும். அந்தப் பனிக்காலத்திலேயே அசுவினியும் கொழுந்துகளில் கூட்டமாய் அப்பிக்கொள்ளும். அதற்கு வீட்டிலேயே பரிகாரம் இருந்தது: விடியலில், இலையில் ஈரம் உலர்வதற்கு முன், அடுப்புச் சாம்பலைக் கையால் தூவுவார்கள். விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்தபோது, புகையிலிருந்து பெண்களின் கண்களுக்கு விமோசனம் கிடைத்தது என்று நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதே. ஆனால் அதே நாளில் சாம்பலும் போயிற்று. பாதாளச் சாக்கடை வந்ததும் கழுநீர் போயிற்று. மாடு போனதும் எரு போயிற்று. சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டதும் கொல்லையே போயிற்று. எஞ்சிய நிலத்தையும் சேறு படாமல் இருக்க வேண்டும் என்று சிமெண்டினால் மூடினோம். ஒருவரும் தோட்டத்தை அழிக்கத் தீர்மானிக்கவில்லை. அது நின்றிருந்த கால்கள் ஒவ்வொன்றாக, தக்க நியாயங்களோடு, எடுக்கப்பட்டன.

பங்களாத் தோட்டம் என்ற மற்றொரு மரபும் நம்மிடையே இருந்தது. 1835ல் சென்னையில் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் போன்ற ஸ்தாபனங்களைச் சார்ந்து, குரோட்டன்ஸும் ரோஜாவும் புல்தரையுமாக வளர்ந்த மரபு அது. அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் அங்கே ரசனை எஜமானருடையது, உழைப்பு தோட்டக்காரருடையது. மண்ணைத் தொட்ட கையும் பூவைக் கண்டு மகிழ்ந்த கண்ணும் ஒரே சரீரத்தில் இருந்தது கொல்லையில்தான்.

அந்த ஒருமை இப்போது மொட்டை மாடியில் மறுபடியும் கூடிவருவதைக் கண்டு நான் ஆனந்தப்படுகிறேன். 2013ஆம் ஆண்டளவில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் செடி வளர்க்கும் பைகளையும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகளையும் விதைகளையும் ஒரு தொகுப்பாக மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. 2020ல் ஊரடங்கு வந்து குடும்பங்களை வீட்டுக்குள் நிறுத்தியபோது, வடாம் காய்வதற்கும் துணி உலர்வதற்கும் மட்டும் பயன்பட்டு வந்த மாடிகள் பலவற்றில் பச்சை ஏறிற்று. தோட்டம் போடுபவர் யார் என்பதும் மாறிவிட்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள், சமையலறைப் பக்கமே எட்டிப் பாராதவர்கள், கத்தரிக்கு எந்த இலை முதலில் பழுக்கிறது என்று கவனிக்கிறார்கள். கணினி உத்தியோகத்திலிருக்கும் இளம்பெண்கள் காலை ஆறு மணிக்கு மாடி ஏறிக் கீரை கிள்ளுகிறார்கள். எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது குடித்தனக்காரர்கள் விஷயம். கொல்லை உள்ள காலத்தில் வாடகைக்கு இருப்பவர் மரம் நடமாட்டார். நட்டால் பலன் வீட்டுக்காரருக்கு. இன்றோ வீடு மாற்றும் லாரியில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையே, பைகளோடு எலுமிச்சையும் மல்லிகையும் ஏறிக்கொண்டு போகின்றன. நிலமில்லாதவருக்கும் தோட்டம் உண்டு என்ற நிலை இப்போதுதான் வந்திருக்கிறது.

மாடியில் கலை இன்னும் கடுமையானது. கொல்லையில் பூமி தானாகக் கொடுத்தவற்றையெல்லாம் இங்கே மனிதன் செய்து தர வேண்டும். முதலாவதாக, மண்ணையே செய்ய வேண்டும். செம்மண், மட்கிய எரு அல்லது மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு ஆகிய மூன்றையும் சமபாகமாகக் கலப்பது பொது வழக்கு. இதில் மூன்றாவது, பொள்ளாச்சிப் பக்கத்தில் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் ஒரு காலத்தில் யாரும் தீண்டாமல் மலையாய்க் குவிந்து கிடந்த பொருள். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தளத்தின் மீது பாரமும் ஏற்றாமல் இருப்பதால், மாடித்தோட்டத்துக்கு அது பிராணனாயிற்று. ஆனால் அதிலுள்ள உப்பை நாலைந்து முறை அலசி நீக்காமல் செடி வைப்பவர், இலை ஓரம் கருகும்போது காரணம் தெரியாமல் தவிப்பார். பைக்குள் வேர் ஓட இடம் சிறிது. ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் சத்து அடித் துவாரம் வழியே கசிந்து போகிறது. ஆகவே சிறிது சிறிதாக, அடிக்கடி ஊட்ட வேண்டும். சாணம், கோமியம், பால், தயிர், நெய் முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் பஞ்சகவ்யத்தை, கொடுமுடி டாக்டர் நடராஜன் பயிர்களுக்கென வகுத்துப் பரப்பிய பின், 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி என்று கலந்து தெளிப்பது மாடிகளிலும் வழக்கமாகிவிட்டது. சித்திரை வெயிலில் தளமே சுடும், நிழல்வலை கட்டவேண்டும். தேனீ வராத உயரத்தில், ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவைக்க வேண்டும். பீர்க்குக்கு அதை மாலையில் செய்ய வேண்டும், பூசணிக்கு விடியலில். பந்தலடியில் நம் பாட்டிமார் பூவின் பொழுதை அறிந்திருந்தது ரசனைக்காக என்றால், மாடியில் அந்த அறிவின்றிக் காயே இல்லை.

2019ஆம் ஆண்டுக் கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிச் சென்னை தண்ணீர் லாரிகளுக்காகக் குடத்தோடு காத்திருந்தபோது, மாடித்தோட்டங்கள் எல்லாம் அழிந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். அரிசி களைந்த நீரும் காய்கறி அலம்பிய நீரும் குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து சொட்டிய நீரும் வாளிகளில் சேர்த்து மாடிக்குச் சுமக்கப்பட்டன. கிணற்றடி வாய்க்கால் செய்த வேலையை மனிதர்களின் தோள்கள் செய்தன. அப்படிச் சுமந்தவர்களின் செடிகள் பிழைத்தன.

புதிய தோட்டங்களில் எனக்கு உவப்பில்லாதது ஒன்று உண்டு, அதையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிடலாம் என்ற எண்ணம். முதல் நாளே ஐம்பது பை, பத்து வகை ஊக்கி, அந்நிய தேசத்துக் காய்களின் விதை என்று வாங்கி அடுக்கியவர், இரண்டு மாதத்தில் சலித்து மாடிக் கதவைச் சாத்திவிடுகிறார். முளைக்கீரை மூன்று பையில் ஆரம்பித்தவரே நிலைத்து நிற்கிறார். ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போனால் நான் காயை முதலில் பார்ப்பதில்லை. இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். அசுவினியும் வெள்ளை ஈயும் முட்டையும் அங்கேதான் இருக்கும். தினமும் இலையைத் திருப்பும் கை இருக்கும் தோட்டம் அதிலேயே தெரிந்துவிடும். 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி வரையில் வெண்பஞ்சாய்ப் படர்ந்தபோது, மருந்தடித்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அது அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுடையது, அதை அடக்கிவைத்தது. தோட்டத்துப் பூச்சிகளில் சிநேகிதரும் உண்டு என்பதை அந்த வருஷங்களில் செம்பருத்தி வளர்த்தவர்கள் பிரத்தியட்சமாகக் கண்டார்கள்.

மாடிக்கு ஏற முடியாதவையும் உண்டு. பலாவும் புளியும் ஏறா. பேரனுக்கென்று தென்னம்பிள்ளை வைத்த அந்தக் காலக்கணக்கு, மூன்று மாதத்தில் வெண்டை பறிக்கும் பைத் தோட்டத்தில் இல்லை. முருங்கை மட்டும் இணங்கிவந்திருக்கிறது: முன்பு போத்து வெட்டி நட்டுப் பல வருஷம் வளர்த்த மரத்துக்குப் பதிலாக, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ல் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்ற விதை முருங்கை, பாதி வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாயிலும் நின்று முதல் வருஷத்திலேயே காய்க்கிறது. மரபு வழி வந்த முருங்கையின் சதைப்பற்றும் மணமும் அதற்கு வருமா என்று கேட்டால், என் நாக்கு வராது என்றே சொல்கிறது. ஆனால் காயே இல்லாத வீட்டில் காய் வந்திருக்கிறது.

விதை விஷயத்தில்தான் புதிய தோட்டக்காரர்கள் பழையவர்களுக்கு நெருங்கிவந்து நிற்கிறார்கள். ஒட்டு வீரியக் காயின் விதையை ஊன்றினால் தாயைப்போல் பிள்ளை வராது என்று கண்டுகொண்டவர்கள், நாட்டு விதைகளைத் தேடிப் போகிறார்கள். கிராமங்களில் நடக்கும் விதைத் திருவிழாக்களில் பட்டணத்து மாடிக்காரர்களைப் பார்க்கிறேன். கொடியில் செழித்த காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டு, சுரையானால் உள்ளே விதை குலுங்கும் வரை, கத்தரியானால் பழுத்து மஞ்சளாகும் வரை பொறுத்து, அலசி உலர்த்திச் சாம்பலில் பிசறி வைக்கும் வித்தையை மறுபடியும் கற்கிறார்கள். சாம்பலுக்காக விபூதியை எடுப்பவர்களும் உண்டு. இப்படி மாடிகளில் விளைந்த விதைகள் சிறு பொட்டலங்களாகத் தபாலில் ஊர்விட்டு ஊர் போகின்றன. எனக்கு வந்த ஓர் அவரைப் பொட்டலத்தின் மீது, எந்த ஊரிலிருந்து முதலில் வாங்கியது, எந்தப் பட்டத்தில் ஊன்றுவது, காயில் நார் எப்போது முற்றும், பொரியலுக்கு உகந்ததா கூட்டுக்கு உகந்ததா என்று பொடி எழுத்தில் நாலு பக்கமும் எழுதியிருந்தது. அனுப்பியவர் கூட்டு என்று எழுதி அதன் கீழ் இரண்டு கோடுகளும் போட்டிருந்தார்.