பெயரேடும் நாவலும்: ஆங்கிலத் தொழிலாளரின் மூதாதையரைத் தேடுதல் பற்றிய ஒரு நோக்கு

‘உன் பாட்டன் யார்?’ என்ற வினா எல்லா மனிதரிடமும் ஒரே தொனியிற் கேட்கப்பட்டதில்லை. பிரபுவிடம் கேட்கப்பட்டபோது அது மரியாதையாக இருந்தது. ஏழையிடம் கேட்கப்பட்டபோது அதுவே விசாரணையாயிற்று. இங்கிலாந்தின் சமூக வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. நிலப்பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி கேடயச் சின்னங்களிலும் கல்லறைகளிலும் பொறிக்கப்பட்டது. உழுதவனும் நெய்தவனும் நிலக்கரி அகழ்ந்தவனும் கோயிற்பற்றுப் பதிவேட்டில் ஒரு வரியாகவும், குடிசன மதிப்பேட்டில் ஒரு நிரையாகவுமே எஞ்சினர். அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இவ்வேடுகளைப் புரட்டித் தம் முன்னோரைத் தேடும் முயற்சி அண்மைத் தசாப்தங்களிற் பெரிதும் பெருகியுள்ளது.

ஆங்கில நாவலைப் பயில்வோருக்கு இத்தேடல் புதியதன்று. சாள்ஸ் டிக்கன்ஸின் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ (1837–39), தோமஸ் ஹார்டியின் ‘ரெஸ்’ (1891) ஆகிய இரு நாவல்களும் ஏழை ஒருவரின் பூர்வீகம் யாது என்ற வினாவிலிருந்தே கதையை வளர்த்துச் செல்வன. ஏட்டையும் நாவலையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, ஏடு எதனை எழுதாது விட்டதென்பதை நாவலும், நாவல் எதனை எழுதத் துணியவில்லை என்பதை ஏடும் காட்டி நிற்கின்றன. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஏடுகளின் தோற்றத்தை மனங்கொள்ளல் வேண்டும். 1538 இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சராகிய தோமஸ் குரொம்வெல், கோயிற்பற்றுத்தோறும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதியுமாறு ஆணையிட்டார். 1754 முதல் விவாகப் பதிவில் மணமக்கள் கையொப்பமிட வேண்டியதாயிற்று; எழுத்தறியாதோர் புள்ளடியிட்டனர். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி அறவிடப்பட்டது. வறியோருக்கு அவ்வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டது. ஆகவே, அக்காலப் பதிவொன்றில் ‘வறியவர்’ எனக் காணப்படும் சொல் வறுமையையும் குறிக்கலாம். வரியிலிருந்து தப்ப நினைத்ததையும் குறிக்கலாம். 1801 இல் நடைபெற்ற முதற் குடிசன மதிப்பு பெயர்களைக் கோராது எண்ணிக்கையையே கோரிற்று. 1841 இற் பெயர்கள் இடம்பெற்றன. எனினும் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு பணிக்கப்பட்டது. 59 வயது மூதாட்டி ஏட்டில் 55 வயதினளாயினாள். பிறந்த கோயிற்பற்றும் குடும்பத் தலைவருக்கான உறவும் 1851 இலேயே எழுதப்படலாயின.

இவற்றினும் கொடியது 1662 ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டமாகும். வேலை தேடி வந்த ஏழை நாளை உதவி கேட்பானெனின் அச்செலவு எந்தக் கோயிற்பற்றைச் சாரும் என்பதை அறிய, நீதவான்கள் அவனை விசாரித்தனர். எங்கே பிறந்தான், எவரிடம் எத்தனை மாதம் வேலை செய்தான் என்பன எழுதப்பட்டன. இன்று மூதாதையரைத் தேடுவோர் பொக்கிஷமாகப் போற்றும் அவ்வாக்குமூலங்கள், அவனை ஊரைவிட்டு அகற்றுவதற்காகத் தயாரிக்கப்பட்டவை. இவ்வேடுகளுள் ஒன்றேனும் ஏழை தன் பேரனுக்கு எழுதிய கடிதமன்று.

இப்பின்னணியில் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலை நோக்குவோம். வறியோர் இல்லத்திற் பிறந்து, பிறந்தவுடனேயே தாயை இழந்த குழந்தைக்குப் பெயரிடுபவன் கோயிற்பற்றுச் சேவகனாகிய பம்பிள். ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படி அவன் பெயர்களைத் தயாராக வைத்திருக்கின்றான். முன்னைய குழந்தைக்கு ஓர் எழுத்து, இக்குழந்தைக்கு அடுத்த எழுத்து. குடும்பப் பெயரைப் பற்றிச் செல்லும் எந்த ஆராய்ச்சியாளனும் இவ்விடத்தில் ஒரு சேவகனின் மேசையிலேயே போய் முட்டி நிற்பான். தாயின் மோதிரத்தில் ‘அக்னஸ்’ என்ற பெயர் மாத்திரம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. குடும்பப் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. அச்சான்றும் விலைபேசி விற்கப்பட்டு ஆற்றில் எறியப்படுகின்றது. ஏழையின் அடையாளம் எங்ஙனம் அழிகின்றது என்பதை இதனிலும் கூர்மையாகக் காட்டுதல் அரிது.

எனினும் டிக்கன்ஸ் இறுதியில் என்ன செய்கின்றார்? ஒலிவர் கனவான் ஒருவரின் மகன் என்றும், சொத்துக்கு உரியவன் என்றும் வெளிப்படுகின்றது. வறியோர் இல்லத்துச் சிறுவனொருவனுக்கு உழைப்பாளியான தந்தையும் இருந்திருக்கலாம் என்ற மிகச் சாதாரணமான சாத்தியத்தை நாவல் ஏற்கவில்லை. வறியோர் சட்டத்தைச் சாடிய அதே பேனா, பூர்வீகம் என்ற விடயத்தில் மேல்வர்க்கத்தின் அளவுகோலையே கையில் எடுத்தது எனலாம்.

ஹார்டி இவ்வளவுகோலைத் தலைகீழாக்கினார். வண்டியிற் சில்லறை வியாபாரம் செய்யும் ஜோன் டேர்பிபீல்டிடம், பழஞ்சுவடி ஆராயும் குருவானவரொருவர், அவன் டேர்பவில் என்னும் பண்டைய வீரர் குலத்தவன் எனக் கூறுவதுடன் கதை தொடங்குகின்றது. டேர்பவில் என்பது தலைமுறைகளின் நாவில் டேர்பிபீல்ட் ஆயிற்று. எழுத்தறியாதார் சொன்ன பெயரை எழுதுவோர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதிய ஏடுகளிற் பழகியோருக்கு இத்திரிபு வியப்பளிக்காது. மறுபுறம், வடக்கில் வணிகத்தாற் செல்வம் திரட்டிய ஸ்ரோக் என்பவர், அழிந்துபோன குலங்களைப் பற்றிய நூல்களைத் துருவி, அதே பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்கின்றார். இரத்தம் உள்ளவன் பெயரை இழக்க, பணம் உள்ளவன் அதனைப் பெறுகின்றான். வம்சப் பெருமை டேர்பிபீல்ட் குடும்பத்துக்கு ஒருவேளை உணவையும் தரவில்லை. ரெஸ்ஸை அழிவுக்கே அனுப்பியது.

நாவலின் உச்சம் நள்ளிரவு ஞானஸ்நானக் காட்சியாகும். முறைதவறிப் பிறந்த குழந்தை இறக்குந் தறுவாயில் இருக்கின்றது. குடும்ப மானத்தை எண்ணிய தந்தை குருவானவரை வீட்டுக்குள் விடாது கதவைப் பூட்டுகின்றான். தம்பி தங்கையர் முழந்தாளிட்டு நிற்க, ரெஸ் தானே குழந்தைக்கு நீர் வார்த்துத் ‘துயரம்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டுகின்றாள். சேமக்காலையில் ஞானஸ்நானம் பெறாதோரும் குடிகாரரும் தற்கொலை செய்தோரும் கிடக்கும் மூலையில் அக்குழந்தை புதைக்கப்படுகின்றது. இந்த ஞானஸ்நானத்தை எந்தக் குருவானவரும் ஏட்டிற் பதியப் போவதில்லை. ‘கிராபிக்’ சஞ்சிகையில் நாவல் தொடராக வந்தபோது இக்காட்சி நீக்கப்பட்டு, வேறொரு சஞ்சிகையிலேயே வெளிவந்தது. ஏடு விட்ட இடத்தை நிரப்ப வந்த எழுத்தையும் சஞ்சிகை விட்டுவிட்டது!

தந்தையின் மரணத்துடன் மூன்று ஆயுள்களுக்குரிய வீட்டுக் குத்தகை முடிவடைய, குடும்பம் தெருவுக்கு வருகின்றது. ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் விவசாயத் தொழிலாளர் மூட்டை முடிச்சுகளுடன் பண்ணைவிட்டுப் பண்ணை பெயர்வதை ஹார்டி விரிவாகச் சித்திரிக்கின்றார். இது ஆராய்ச்சி முறைக்கே ஒரு சவாலாகும். டெவன் பிரதேசத்துக் கொலிற்றன் கோயிற்பற்றின் பதிவுகளைக் கொண்டு ஈ. ஏ. ரிக்லி 1966 இற் குடும்ப மீளமைப்பு முறையை இங்கிலாந்துக்குப் பிரயோகித்துக் காட்டினார். மக்கள்தொகை வரலாற்றில் அது பெரும் பாய்ச்சலே. ஆயினும் ஒரே ஊரிற் பிறந்து, மணந்து, இறந்தவரே அம்முறையில் முழுமையாகத் தெரிவர். இடம்பெயர்ந்தோர் பாதிவழியில் மறைவர். மறைபவருட் பெரும்பாலோர் நிலமற்ற உழைப்பாளர் அல்லரோ?

இவ்வாறு கூறுவதனால் நாவல் உயர்ந்தது, ஏடு தாழ்ந்தது என முடிவுகட்டலாகாது. ரெஸ்ஸுடன் பால் கறந்தவரும், பின்னர் கற்பாங்கான வயலிற் கிழங்கு தோண்டியவருமான மரியன், இஸ் ஆகிய பெண்களின் பாட்டனார் யாரென நாவலில் எவரும் வினவுவதில்லை. துன்பியல் நாயகியாவதற்கு உழைப்பாளப் பெண்ணொருத்திக்கும் வீரர் குல இரத்தம் தேவைப்பட்டது என்பதே ஹார்டியின் எல்லையாகும். பதிவேட்டுக்கோ அத்தகைய தேவை இல்லை. பண்ணையாரின் கையொப்பமும் பால்காரியின் புள்ளடியும் அதில் அடுத்தடுத்த பக்கங்களில் உள்ளன. வெறுப்புடன் எழுதப்பட்டதாயினும் அது அவளை எழுதியது. நடுங்கிய கையால் இடப்பட்ட அப்புள்ளடி, எந்த நாவலாசிரியனும் அவளுக்கு அளிக்காத கையெழுத்தாகும்.

ஆகவே தேடுவோருக்கு வேண்டியது விமர்சகனின் கண். யார் எழுதினார், எதற்காக எழுதினார், எந்த நிரல் வெறுமையாக உள்ளது என்ற மூன்று வினாக்களையும் ஏட்டின் முன் எழுப்புதல் வேண்டும். 1837 இல் தொடங்கிய குடியியல் விவாகப் பதிவில் மணமக்களின் தாய்மாரின் பெயர் இடம்பெற 2021 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது ஒன்றே இதற்குப் போதிய சான்று. 1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு, மணமான பெண்கள் எத்தனை பிள்ளைகளை உயிருடன் பெற்றனர், அவர்களுள் எத்தனை பேர் இறந்தனர் என முதன்முறையாகக் கேட்டது. பெயரின்றி மறைந்த எண்ணற்ற குழந்தைகள் அவ்வாறு ஓர் எண்ணாகவேனும் ஏடேறினர். ஆனால் அவ்வினா நடைமுறையிலிருந்த விவாகத்தின் பிள்ளைகளைப் பற்றியது மாத்திரமே. ரெஸ்ஸின் குழந்தைக்கு அந்த நிரலிலும் இடமில்லை.