இன்வெஸ்ட்: முதலீடா, முற்றலா?

எங்க இரும்பைக்குத் தெற்கே உள்ள புதுச்சேரியில் 1760-இல் நடந்த போர் பற்றிய ஆங்கில வரி ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். ஆங்கிலேயர் ஊரில் "முதலீடு செய்தனர்" என்றது!

மூலத்தில் இருந்த வினை 'இன்வெஸ்ட்'. இலத்தீன் வேர்ப்பொருள், ஆடை உடுத்துதல். பணத்துக்குப் புது உருவம் உடுத்தினால் முதலீடு. கோட்டையைச் சுற்றிப் படையை உடுத்தினால் முற்றுகை.

சரி, 'தாக்கினர்' என்று திருத்திடலாமா? அதுவும் தப்பு. தொல்காப்பியம் உழிஞைத் திணையில் முற்றல், கோடல் என்று இரண்டு சொல்கிறது: வளைப்பது, கைப்பற்றுவது. இன்வெஸ்ட் என்பது முற்றல் மட்டும்தான். வழியை அடைத்தால் போதும், மீதியைப் பசி பார்த்துக்கொள்ளும்.

உணவு குறைந்ததும் லாலி உள்ளூர் மக்களை வெளியே துரத்தினார். அயர் கூட்டின் படை அவர்களுக்கு வழிவிடவில்லை. நடுவில் பட்டினி கிடந்தார்கள். 1761 ஜனவரியில் கோட்டை சரணடைந்தது.

'தாக்கினர்' என்று எழுதினால் அந்தப் பசி வரலாற்றிலிருந்தே காணாமல் போய்விடும்.