மாண்டலினும் விலைச்சீட்டும்

இசைக்கருவியின் விலை ஏற ஏற இசையும் ஏறும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. புதிதாகப் பழகுவோரிடம் மட்டுமன்றி, ஓரளவு இசைஞானம் உள்ள இரசிகர்களிடமும் இதனைக் காணலாம். அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது நண்பரொருவர், "நல்ல மாண்டலின் இல்லாமல் நல்ல மாண்டலின் கலைஞன் இல்லை" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். 'நல்ல' என்று அவர் சொன்னது 'விலையுயர்ந்த' என்ற பொருளில்தான். மகனுக்குக் கருவி வாங்குவதற்காக மனைவியின் காப்பை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இன்னொருவரும் அங்கிருந்தார். இது வெறும் இரசனை பற்றிய விவாதமல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நண்பர் தமக்குச் சான்றாகக் காட்டியது அமெரிக்காவின் பில் மன்றோவை. 'புளூகிராஸ்' என்ற இசைவகைக்கு அதன் பெயரே மன்றோவின் 'புளூ கிராஸ் போய்ஸ்' குழுவிலிருந்து வந்ததுதான். அவர் கையிலிருந்தது கிப்ஸன் நிறுவனத்தின் எஃப்-5 மாண்டலின். லொயிட் லோர் என்பவர் அங்கு பணியாற்றிய காலத்தில், 1923 ஜூலை 9 ஆம் திகதி கையொப்பமிட்ட கருவி அது. லோரின் கையொப்பம் உள்ள எஃப்-5 இன்று ஒரு இலட்சம் டொலருக்கும் மேல் விலைபோகிறது. மன்றோவின் கருவியோ இப்போது நஷ்வில் நகர நூதனசாலையில் இருக்கிறது.

ஆனால் இந்தச் சான்று நண்பரின் கட்சியைத்தான் பலவீனப்படுத்துகிறது. மன்றோ அந்தக் கருவியை 1940களில், ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டொலருக்கு வாங்கினார். அதற்கு முன்னரே, 1936 தொடக்கம் சகோதரருடன் சேர்ந்து இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தார். 1939 இல் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' வானொலி மேடையிலும் ஏறிவிட்டார். அவரைப் பெயர்பெறச் செய்த வேகமும் வீச்சும் வேறொரு மாண்டலினில் பிறந்தவை. 1985 இல் யாரோ அவரது வீட்டினுள் புகுந்து அந்தக் கருவியைச் சிதற அடித்தார்கள். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிய பின்னரும் அதில் மன்றோவின் இசைதான் கேட்டது. அந்தக் கருவிக்கு இன்றுள்ள விலையில் பெரும்பங்கு மன்றோ அதற்குக் கொடுத்தது என்பேன்.

எனினும் கருவிக்கு ஒரு பங்கும் இல்லை என்று வாதிடுவது மறுகோடிக்குப் போவதாகும். ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று ஐந்துபேர் வாசிக்கும் குழுவில் பாஞ்சோவையும் வயலினையும் ஊடறுத்து ஒலிக்க உரத்த குரலுள்ள கருவி வேண்டும். தாளத்தின் எதிரடியில் தந்திகளை வெட்டி அடக்கும் 'சொப்' என்ற உத்தியினால் மாண்டலின் அங்கு பறையின் வேலையையும் செய்தது. எஃப்-5 அதற்குப் பொருந்தியது. பொருத்தம் வேறு, விலை வேறு. இந்த வேறுபாட்டைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

வயலின் உலகில் இது பரிசோதிக்கப்பட்டே இருக்கிறது. குளோடியா ஃபிரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் முதலானோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், 21 கலைஞர்கள் எது பழையது எது புதியது என்று தெரியாதபடி ஆறு வயலின்களை வாசித்தார்கள். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். 2014 இல் வெளியான அடுத்த ஆய்வில் பத்துத் தனிக்கலைஞர்களில் ஆறுபேர் புதிய வயலினையே தெரிந்தெடுத்தார்கள். கண்ணை மறைத்துவிட்டால் காது வேறு தீர்ப்புச் சொல்கிறது!

பொருத்தத்துக்கு மிகச் சிறந்த உதாரணம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆந்திராவின் பாலக்கொல்லுவில் 1969 இல் பிறந்து, 2014 இல் சென்னையில் 45 வயதில் மறைந்த யு. ஸ்ரீனிவாஸின் மாண்டலினே அது. மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு சோடிகள். தட்டிய ஒலி சட்டென அவிந்துவிடும். அதனால்தான் ஐரோப்பியர் ஒரே சுரத்தை விடாது அதிரவைத்து நீட்டினார்கள். கமகமோ சுரத்தை இழுத்து, அசைத்து, இன்னொன்றினுள் கரையவிடுவது. சோடித் தந்திகளை இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் இழுபடுவது கடினம், சுருதி பிசகும். ஸ்ரீனிவாஸ் சோடிகளைக் கைவிட்டு ஒற்றைத் தந்திகளைப் பூட்டினார். கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார். மின்சார மாண்டலினாதலால் ஒலி நின்று பேசியது. எஃப்-5 இற்குப் பெருமை தரும் செதுக்கிய வயிறும் குடைவும் அவருக்குத் தேவைப்படவே இல்லை. குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடப்பாட சிறுவன் தந்தியில் திருப்பிச் சொன்னான். அந்த வாய்ப்பாட்டு வழியே அவரது விரல்களுக்கு வழிகாட்டியது. ஹிந்துஸ்தானி ராகங்களை மாண்டலினில் வாசித்த இசையமைப்பாளர் சஜ்ஜாத் ஹுசைனிடமும் இதே உண்மையைக் காணலாம். இவ்விருவரையும் கேட்டவர் எவரும் முதலில் கருவியின் விலையைக் கேட்டிருக்கமாட்டார்.

இனி, 'பிக்' என்று சொல்லப்படும் அந்தச் சிறு வில்லை. விந்தை என்னவென்றால், மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது இதுதான். மெல்லிய வில்லை தந்தியில் பட்டதும் வளையும். சுரத்தைவிட 'டிக்' என்ற உரசலே மேலோங்கும். ஒரு மில்லிமீற்றரிலும் தடித்ததாக இருந்தால் ஒலி திரண்டு வரும். கூர்முனை பளிச்சிடும், வட்டமுனை கனிவாகும். ஆனால் இங்கும் விலைச்சீட்டு வந்துவிட்டது. ஒரு வில்லைக்கே 35 டொலரும் அதற்கு மேலும் கொடுப்போர் உள்ளனர். முன்னர் அழுங்காமையின் ஓட்டில் செய்ததுதான் உச்சம் எனப்பட்டது. காலியின் ஆமையோட்டுச் சீப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டோருக்கு அந்த ஓட்டின் மினுக்கம் புரியும். அந்த ஆமை அருகிப்போனதால் 1970களில் அதன் சர்வதேச வர்த்தகம் தடைசெய்யப்பட்டது. ஓர் உயிரினம் அழிந்துதான் ஒரு சுரம் இனிக்கவேண்டுமென்றால் அந்த இனிமை நமக்கு வேண்டாம்.

இவ்வளவும் சொன்னதால் மலிவான எந்தக் கருவியும் போதும் என்று நான் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. தந்திகள் பலகையிலிருந்து உயர்ந்து நிற்கும் கருவி பிஞ்சு விரலைப் புண்ணாக்கும்; பிள்ளை ஒரு மாதத்தில் அதை மூலையில் வைத்துவிடும். குதிரை இடம்மாறியிருந்தால் மேலே போகப்போகச் சுருதி பேதலிக்கும். வெறுந்தந்தியின் மேல்ஸ்தாயியும் பன்னிரண்டாவது கட்டில் அழுத்திய சுரமும் ஒன்றாக ஒலிக்கின்றனவா என்று பார்த்தால் போதும், கடைக்காரரின் சொல்லை நம்பவேண்டியதில்லை. குதிரையை நகர்த்தவும், தந்தியைத் தாழ்த்தவும், புதுத் தந்தி பூட்டவும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் நடுத்தர விலைக் கருவியும் கையில் அடங்கும். அந்த அளவைத் தாண்டிய பின்னர் பணம் வாங்கித் தருவது மிகச் சிறு வேறுபாடுகளை. அவை உண்டு, ஆனால் பத்தாண்டு பழகிய காதுக்கும் கைக்குமே அவை பயன்படும்.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு நான் சொன்னது இதுதான்: காப்பு வீட்டிலேயே இருக்கட்டும். ஒழுங்காகச் சுருதி நிற்கும் ஒரு கருவி, தடித்த வில்லைகள் நான்கு, பாடிக்காட்டக்கூடிய ஓர் ஆசிரியர். மிச்சக் காசை ஆசிரியருக்குக் கொடுங்கள்.