மேடிசன் சொன்னது போதாதா?

"ஜெஃபர்சன் விவகாரத்தை டிஎன்ஏ தீர்த்துவைத்துவிட்டது." இந்த வாக்கியத்தை அடுத்தடுத்துப் படித்தேன், போன மாதம் ஒரு கூட்டத்திலும் கேட்டேன். பேசியவர் விவரம் தெரிந்தவர்தான். முன்னோர் ஒருவரின் தகப்பன் யாரென்று தெரியவில்லையா, எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்புங்கள், கிடைக்கும் முடிவைப் பழைய ஏடுகளோடு ஒட்டிப் பாருங்கள், விடை வந்துவிடும் என்றார். சாட்சிக்கு, அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸை அழைத்தார்; அவளுடைய பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெஃபர்சனா என்பதுதான் அந்த விவகாரம். அவையில் ஒருவரும் மறுக்கவில்லை. நான் மறுக்கிறேன்.

முறைக்கு வலு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் பெரிய மாற்றமில்லாமல் இறங்குகிறது. தாமஸ் ஜெஃபர்சனின் மனைவிக்குப் பிறந்த ஆண் பிள்ளை எதுவும் பிழைக்கவில்லை. ஆகவே யூஜின் ஃபாஸ்டர் என்ற மருத்துவர் ஜெஃபர்சனின் பெரியப்பா ஃபீல்டின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேரிடம் ரத்தம் வாங்கினார். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசு ஒருவரிடமும் வாங்கினார். இரண்டும் பொருந்தின. ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் வேறொரு கதை சொல்லிவந்தார்கள்: தகப்பன் தாத்தா இல்லை, தாத்தாவின் சகோதரி மகன்களான கார் சகோதரர்களில் ஒருவர் என்று. கார் குடும்பத்து ரத்தம் பொருந்தவில்லை. ஒரு பொய் ஒரே நாளில் விழுந்தது. 'இவர் இல்லை' என்று சொல்வதில் டிஎன்ஏவுக்கு நிகரான சாட்சி கிடையாது. உட்சன் என்ற கறுப்பினக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஜெஃபர்சன் உறவும் அதே சோதனையில் பொருந்தாமல் போனது. அதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் 'இவர்தான்' என்று சொல்ல ரத்தத்துக்கு வாய் கிடையாது. அது பரம்பரையைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஜெஃபர்சனுக்கு ராண்டால்ஃப் என்று ஒரு தம்பி இருந்தார், அவருக்கு மகன்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒய் குரோமோசோம்தான். 1998 நவம்பரில் 'நேச்சர்' இதழ், அடிமைப் பெண்ணின் கடைசிப் பிள்ளைக்கு ஜெஃபர்சன் தகப்பன் என்று அடித்துச் சொல்லும் தலைப்போடு ஆய்வை வெளியிட்டது. இரண்டே மாதத்தில், வேறொரு ஜெஃபர்சன் தகப்பனாக இருந்திருக்கும் வாய்ப்பைத் தங்கள் சோதனை விலக்கவில்லை என்று ஃபாஸ்டர் அதே இதழில் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அந்தக் கடிதம் யார் நினைவிலும் இல்லை. தலைப்பு மட்டும் நிற்கிறது.

அப்படியானால் தாமஸ் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தது எது? காகிதம். ஜெஃபர்சன் போன இடம், வந்த இடம், எழுதிய கடிதம், கொடுத்த காசு எல்லாவற்றையும் குறித்துவைத்த மனிதர். துணை அதிபராகவும் அதிபராகவும் பெரும்பாலும் வெளியூரில் இருந்தவர். சாலியின் ஒவ்வொரு பிள்ளையும் பிறப்பதற்குச் சுமார் ஒன்பது மாதம் முன்பு அவர் தன் மான்டிசெல்லோ தோட்டத்து வீட்டில் இருந்திருக்கிறார். அவர் ஊரில் இல்லாத காலத்தில் அவள் ஒருமுறையும் கருத்தரிக்கவில்லை. பிழைத்த நான்கு பிள்ளைகளும் விடுதலையானார்கள்: பெவர்லியும் ஹாரியட்டும் 1822இல் போக விடப்பட்டார்கள், மேடிசனுக்கும் எஸ்டனுக்கும் 1826இல் உயிலில் விடுதலை கிடைத்தது. அந்தத் தோட்டத்து அடிமைக் குடும்பம் வேறெதற்கும் இது வாய்க்கவில்லை.

இங்கேதான் என் நெடுநாள் ஆட்சேபம். இந்தக் காகிதங்கள் யார் கையில் இருந்தவை? உடைமையாளர் கையில். ஜெஃபர்சனின் பண்ணைக் குறிப்பேட்டைப் பாருங்கள். கம்பளி யாருக்கு எத்தனை, துணி யாருக்கு எத்தனை கெஜம் என்று எழுதிய அதே கை, சாலி என்று எழுதி அதன் கீழே பிள்ளைகளின் பெயரையும் பிறந்த ஆண்டையும் வரிசையாக எழுதியிருக்கிறது. தகப்பன் பெயர் இல்லை. தவறிப்போன விவரம் என்று நினைத்துவிடக் கூடாது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் செய்துவிட்டது. தகப்பன் பெயர் எழுதப்படாமல் இருப்பதில்தான் உடைமையாளருக்கு லாபம். வேண்டுமென்றே வெறுமையாக விட்ட கட்டத்தை ஏட்டையும் ரத்தத்தையும் வைத்து மட்டும் நிரப்புவோம் என்பது, திருடனின் கணக்குப் புத்தகத்தில் களவுப் பொருளைத் தேடுவது போன்றது.

வேறு சாட்சி இல்லையா என்றால், இருந்தது. 1873இல் ஓஹியோவில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் மேடிசன் ஹெமிங்ஸ் தன் வாழ்க்கையைச் சொன்னார். தன் தாய் பாரிசில் ஜெஃபர்சனோடு இருந்தது, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலை என்று வாக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது, தானும் உடன்பிறந்தவர்களும் அவருக்குப் பிறந்தது எல்லாம் அதில் உண்டு. அந்தத் தச்சரின் சொல்லைப் பெரிய வரலாற்றாசிரியர்கள் ஒதுக்கினார்கள். வெள்ளைப் பேரப்பிள்ளைகளின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சட்டம் படித்த அனெட் கார்டன்-ரீட் 1997இல் இந்த ஓரவஞ்சனையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டினார். டிஎன்ஏ முடிவு வருவதற்கு முந்தைய ஆண்டு அது. ஆதாரம் அப்போதே மேசையில் கிடந்தது. 'டிஎன்ஏ தீர்த்துவைத்தது' என்று நாம் சொல்லும்போது, அவருடைய உழைப்பையும் மேடிசனின் சொல்லையும் மறுபடி கீழே தள்ளுகிறோம்.

உட்சன் குடும்பத்து வாய்மொழி தோற்றதே என்று கேட்பார்கள். தோற்றது. பல தலைமுறை கடந்து வந்த கதைக்கும், தாய் தன்னிடம் சொன்னதை மகன் தானே சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாதவரோடு எனக்கு வாதம் இல்லை.

சோதனைக்கு எட்டாதவர்களின் கதி என்ன? பெவர்லியும் ஹாரியட்டும் வெள்ளையர் சமூகத்தில் கலந்து அடையாளம் தெரியாமல் போனார்கள். ஒய் குரோமோசோம் பெண்ணுக்கு இல்லை. ஹாரியட்டின் வழியில் அந்தக் கதவே இல்லை. சாலியின் தகப்பன் ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வெய்ல்ஸ், அதாவது அவள் ஜெஃபர்சனின் மனைவிக்கே வேறு தாய்க்குப் பிறந்த தங்கை என்பது மேடிசன் போன்றவர்கள் சொன்னதால்தான் நமக்குத் தெரியும். ரத்தச் சான்று இல்லாததால் இதையும் நாளை கிழித்துப் போடுவார்களா?

இன்று விற்கும் சோதனைப் பெட்டிகள் ஒய்யை நம்பியவை இல்லை, எல்லாக் குரோமோசோம்களையும் பார்க்கின்றன என்று சமாதானம் வரும். தலைமுறைக்குத் தலைமுறை அந்தப் பங்கு பாதியாகக் குறையும். ஆறேழு தலைமுறைக்கு அப்பால் மிஞ்சுவது அற்பம். உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடங்களில் இரண்டு பேருக்குப் பல வழிகளில் ரத்தப் பங்கு சேர்ந்து, தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். வர்ஜீனியாவின் தோட்ட முதலாளிகள் அப்படி மணந்தவர்கள். அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டிய நம் குடும்பங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மேடிசனின் மகன் வில்லியம் கான்சஸில் லெவன்வொர்த் இராணுவக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். அவரைத் தோண்டி எடுத்தால் மேடிசனின் வழியையும் சோதித்துவிடலாம் என்று ஆய்வு நோக்கில் கேட்டார்கள். குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. நிரூபிக்க வேண்டிய கடன் அந்தக் கல்லறைக்கு இல்லை.