கேப்டன் இலட்சுமியின் தன்வரலாறும் கூற்றுரிமையும்

மூதின்முல்லைத் துறையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் (புறம். 279), உற்றாரைப் போரில் இழந்த பின்னும் தன் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்புகின்றாள். பாடியவரும் பெண்ணே, எனினும் அத்தாய் நிற்குமிடம் மனையின் வாயில். களத்துள் நின்ற பெண் பின்னர் எழுதுகோல் ஏந்தின் அவ்வெழுத்து எத்தகையதாகும்? சென்னையில் 1914-இல் பிறந்து, 1943-இல் சிங்கப்பூரில் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை ஏற்ற மருத்துவர் இலட்சுமி சாகலின் ஆங்கிலத் தன்வரலாறு (1997) இவ்வினாவுக்கு ஒரு விடை.

இந்நூலை 1945-இல் பம்பாயில் வெளிவந்த ‘ஜெய்ஹிந்த்’ என்னும் நாட்குறிப்போடு வைத்து நோக்குதல் வேண்டும். அப்படையிற் சேர்ந்த பெண்ணொருத்தியின் கூற்றாக அமைந்த அந்நூல், அம்ரித்லால் சேத் என்னும் இதழாசிரியர் பெயரால் நூலகப் பட்டியல்களில் இடம்பெறுகிறது. தலைவி கூற்றைப் புலவன் பாடுதல் நம் மரபுக்குப் புதிதன்று. அகத்தில் அது வழக்காறு. ஆனால் அகத்தலைவி பெயர் சுட்டப்படாதவள். வரலாற்றுப் பெண்ணோ தன் கூற்றுக்குத் தானே உரியவள். நாட்குறிப்பைச் சான்றாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

பர்மா சென்ற அப்படை இம்பால் முனையில் பொருதற்கு வாய்ப்பின்றியே 1944-இல் பின்வாங்க நேர்ந்தது. மேடைப் பேச்சாளர் பெரும்பாலும் விழுங்கிவிடும் செய்தி இது. வெற்றிப் பரணிக்கு இடமளிக்காத இப்பொருளை, நோயாளியின் நிலையைக் குறிக்கும் மருத்துவரின் நடையில் உரைப்பதே தன்வரலாற்றின் தகுதி என்பேன். கான்பூரில் தொண்ணூறு அகவை கடந்தும் மருத்துவம் பார்த்தவர், 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர் ஆகிய அவரது பொதுவாழ்வும் அதே நடையினதே.

எனினும் ஒரு குறை தமிழாய்வாளரை உறுத்துவதாகும். படைமகளிருட் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களில் இரப்பர்ப் பால் எடுத்த தமிழ்ப்பெண்கள், எழுத்தறியாதாரும் பலர். அவர்கள் ஏற்ற கட்டளை இந்துஸ்தானியில். தலைவியின் வரலாறு ஆங்கிலத்தில். துணைத்தலைமை பூண்ட ஜானகி ஆதி நாகப்பன் 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றத் துணைநின்று, பின்னர் மலேசிய மேலவையிலும் அமர்ந்தார். கல்வியும் குடும்பச் செல்வாக்கும் உடையார்க்குக் களத்திலிருந்து அவைக்கு வழி அமைந்தது. தோட்டத்து மகளிரோ துப்பாக்கியை வைத்துவிட்டுப் பால் வாளியையே மீண்டும் எடுத்தனர். அவர்தம் கூற்று நாட்குறிப்பிலும் இல்லை, தன்வரலாற்றிலும் இல்லை. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பாட்டி சொன்னதாக இன்றும் வழங்கும் பேச்சில் அது எஞ்சியிருக்கக் கூடும். வாய்மொழி ஆய்வாளர் முதலிற் செல்லத்தக்க இடம் அதுவே.