பரதன் இழந்த உரிமை

கம்பராமாயண அயோத்தியா காண்டத்தை, அரசுரிமை இழந்த ஒரு மகனின் வரலாறாகவே நாம் பெரிதும் பயின்று வருகின்றோம். முடிசூட வேண்டிய இராமன் காடு செல்வது அக்காண்டத்தின் தலையாய நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயின், அதே காண்டத்தில் மற்றொரு மகனும் உரிமையினின்று நீக்கப்படுகின்றான். அவன் இழப்பது நாடு அன்று. மகன் என்னும் முறைமை. இவ்விரண்டாம் நீக்கத்தைக் கம்பர் அமைத்த திறத்தையும் அதன் பயனையும் ஈண்டு ஆராய்வோம்.

நகர் நீங்கு படலத்தில், வசிட்டன் வேண்டியும் கைகேயி இரங்காமை கண்ட தயரதன், அம்முனிவன் முன்னிலையில் அவளைத் துறக்கின்றான். அத்துடன் அமையாது, அரசனாக வரவிருக்கும் பரதனையும் மகனாக எண்ணேன் என்றும், தனக்குரிய இறுதிக் கடனுக்கு அவன் உரியன் ஆகான் என்றும் கூறிவிடுகின்றான். பரதனோ அப்போது கேகய நாட்டில் உள்ளான். நிகழ்ந்தது ஒன்றும் அறியான். அவன் கருத்து இன்னதென வினவுவாரும் இலர். வினவாமலே தீர்ப்பு வழங்கப்படுகின்றது.

வான்மீகத்தோடு ஒப்பிடின் கம்பர் செய்த மாற்றம் புலப்படும். அங்கும் தயரதன் சினமிகுதியால் கைகேயியை அவள் மகனோடு துறப்பதாகக் கூறுதல் உண்டு. ஆயின், இராமன் சென்ற தேர் கண்ணினின்று மறைந்தபின், பரதன் இவ்வரசைப் பெற்று மகிழ்வானாயின் அவன் தரும் கடன் தன்னை அடையற்க என்று மொழிகின்றான். ‘மகிழ்வானாயின்’ என்னும் அவ்வொரு வரையறை பரதனுக்கு வாயில் திறந்து வைக்கின்றது. அவன் மகிழ்ந்திலன், ஆதலின் தந்தைக்குரிய கடன்களை அவனே ஆற்றுகின்றான். கம்பரோ அவ்வரையறையை நீக்கி, வாயிலை அடைத்துவிட்டார்.

அதன் விளைவு பள்ளிபடைப் படலத்தில் வெளிப்படுகின்றது. பரதன் சூளுரைத்துத் தன் தூய்மையை நிறுவுகின்றான். கோசலையும் தெளிந்து அவனைத் தழுவிக்கொள்கின்றாள். குற்றமிலன் என்பது துணியப்பட்ட பின்னரே, கடனாற்ற முற்படும் அவனை வசிட்டன் தடுத்து, மன்னன் அவனைத் துறந்து சென்றமையை அறிவிக்கின்றான். சத்துருக்கனன் கடன் முடிக்கின்றான். பரதன் தன்னைப் பதர் எனக் கூறி வருந்துகின்றான். குற்றமின்மை உறுதியான பின்னும் தண்டனை நீங்காமையே இவ்விடத்து அவலத்தை மிகுவிக்கின்றது.

ஈமக்கடனையும் தாயத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துக் கூறுதல் பழைய தரும நூல்களின் மரபு. நீர்க்கடன் ஆற்றுவோனே தந்தையின் பொருளுக்கும் உரியோன். இங்கோ அப்பிணைப்பு அறுபட்டு நிற்கின்றது. தாய் பெற்ற வரத்தால் பரதனுக்கு நாடு உண்டு. தந்தையின் சொல்லால் அவனுக்குத் தந்தை இல்லை. இராமனுக்குத் தந்தை உண்டு, நாடு இல்லை. குற்றமற்ற இருவரும் ஒருவன் சொல்லாலேயே ஒவ்வொன்று இழந்தனர். இம்மாற்றம் தயரதன் பெருமைக்கு இழுக்காகும் எனச் சிலர் கருதக்கூடும். நாம் அங்ஙனம் கருதவில்லை. தந்தையின் தவற்றை மறையாது காட்டியதனாலேதான், நாட்டினைப் பரதன் வேண்டாமை வெறும் பணிவாகாது, மகன்மை இழந்தவன் பொருளை மட்டும் ஏலாமையாக உயர்கின்றது.

இதற்குத் தீர்வைக் கம்பர் காப்பியத்தின் இறுதிவரை ஒத்தி வைக்கின்றார். மீட்சிப் படலத்தில் விண்ணினின்று வந்த தயரதன் வரம் வேண்டுக என்கின்றான். வான்மீகத்தில் இராமன் வேண்டுவது, துறந்தேன் என்ற அக்கொடுஞ்சொல் கைகேயியையும் அவள் மகனையும் தீண்டாதிருத்தல். கம்பரின் இராமனோ, கைவிடப்பட்ட அவ்விருவரும் தனக்குத் தாயும் தம்பியும் ஆகும் வரத்தை வேண்டுகின்றான். இவ்வேறுபாடு சிறிதன்று. தந்தை ஒருத்தியை மனைவியல்லள் என்றால், மகனுக்கு அவள் தாயாதல் எங்ஙனம்? ஒருவனை மகனல்லன் என்றால், மற்றவனுக்கு அவன் தம்பியாதல் எங்ஙனம்? தயரதன் தன் உறவை மட்டும் அறுத்ததாக எண்ணினான். அறுபட்டது இராமனின் உறவும் ஆகும். ஆதலின் இராமன் பிறர்க்காக இரப்பவன் அல்லன். தான் இழந்ததையே கேட்கின்றான்.

அப்போதும் தயரதன் பரதனை உடனே ஏற்கின்றானேயன்றிக் கைகேயியின்பால் கொண்ட சினத்தை விடுகின்றிலன். அரசை ஏற்க இசைந்த தன் பிழையேயன்றி அன்னையின் பிழை யாதுளது என்று இராமன் கூறிய பின்னரே அச்சினம் தணிகின்றது. குற்றமற்றவனை நீக்கிய தந்தை எளிதில் மீள்கின்றான். குற்றமுடையவளை ஏற்பதற்கு, அவளால் நாடிழந்தவனே அக்குற்றத்தைத் தன்மேல் ஏற்க வேண்டியதாயிற்று.

எனவே, அயோத்தியா காண்டத்து உரிமைச் சிக்கல் 14 ஆண்டு கழித்து முடி மீளுவதால் மட்டும் தீர்வதன்று. முடியைப் பரதன் திருப்பித் தர இயலும்; மகன்மையைத் தந்தையே தரல் வேண்டும். அதனைத் தருவித்த பின்னரே கம்பர் இராமனை அயோத்திக்கு அழைத்து வருகின்றார். மீட்சி என்னும் படலப் பெயர் சீதைக்கும் நாட்டிற்கும் பொருந்துவது போன்றே பரதனுக்கும் பொருந்துவதாம்.